மதகுப் பேயின் நடை

நான் வரைந்த முதல் கார்ட்டூன் படம் ஒரு பேய்க்கதை. வறண்டு கிடக்கும் ஏரியின் மதகைத் திறக்க, இடது காலை இழுத்துக்கொண்டு ஒரு பேய் வரும். அந்த நடை என் அப்பாவுடையது.

பக்கவாதத்தில் அவர் விழுந்தபோது நான் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில், அடுத்தவர் வரைந்த உருவங்களுக்கு வண்ணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தேன். தினமும் நடக்காவிட்டால் கால் விறைத்துப் போகும் என்று பிசியோதெரபி செய்ய வந்தவர் எச்சரித்தார். அப்பா எழுந்திருக்கவே மாட்டார். ஊர் பார்க்குமே என்ற கூச்சம். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் நான், பேய்ப்படம் ஒன்று வரையப்போகிறேன், நடந்து காட்ட ஆள் வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். மறுநாள் காலை அம்மாவோடு நெற்களத்துக்கு வந்து நின்றார்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தார். நான் போனில் பிடித்து, அசைவு அசைவாக வரைந்தேன். படம் முடிவதற்குள் அவர் களத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்வர ஆரம்பித்திருந்தார்.

சென்னையில் ஒரு குறும்பட விழாவில் படத்தைத் திரையிட்டார்கள். சில நாள் கழித்து, கூட வேலை பார்த்த தோழி ஒரு விமர்சனத்தை அனுப்பினாள். அப்பா சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஏரியையும் இருட்டையும் பாராட்டித் தொடங்கியிருந்ததால் தைரியமாகப் படித்தேன். அடுத்த பத்தியில் பேயைப் பற்றி வந்தது. பயமும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை என்று விமர்சகர் எழுதியிருந்தார். வரைந்தவருக்கு நடை என்பதே தெரியவில்லை, உயிரோடு இருந்த எந்த மனிதனும் இப்படி நடந்திருக்க மாட்டான் என்றும் எழுதியிருந்தார்.

"அப்டியா எய்திக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

மறுநாள் காலை அவர் நடக்க எழவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இணையத்தில் ஏற்றியிருந்த படத்துக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் அதே நடையைக் கிண்டல் செய்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே கால் விறைத்துக்கொண்டே போனது. எண்ணெய் தேய்க்கும்போது முட்டி கட்டை போல இருப்பதாக அம்மா அழுதாள். நான் அந்த விமர்சகருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மாற்றி எழுதுங்கள் என்று கெஞ்சினேன் என்றே சொல்லலாம். மரியாதையாகப் பதில் வந்தது. என் நிலைமைக்கு வருந்துவதாகவும், ஆனால் திரையில் தெரிவது நடையாக இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

ஆத்திரத்தில், அவருக்குக் காட்டுவதற்காகப் போனில் இருந்த பதிவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன். பதிவு முழுக்க அப்பாவின் வலது கை அம்மாவின் தோள்மேல் இருந்தது. அவருடைய பாரமெல்லாம் அங்கே இறங்கியது. பேய் தனியாகத்தானே வரும் என்று நான் அம்மாவை வரையாமல் விட்டிருந்தேன். அதனால் என் பேய் காற்றில் சாய்ந்துகொண்டு நடந்தது.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்போ நான் நடந்தது சரிதானா?"

"சரிதான் நைனா. நான்தான் அம்மாவ வுட்டுட்டேன்."

உடனே எழப் பார்த்தார். கால் பேச்சைக் கேட்கவில்லை. பிடிக்க வந்த அம்மாவையும் சேர்த்துக்கொண்டு தரையில் சரிந்தார். இரண்டு பேரையும் தூக்க என்னால் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை மூன்று பேரும் அப்படியே கிடந்தோம். அப்பா அழுததை அன்றுதான் பார்த்தேன்.

இப்போது வாசற்படி வரைக்கும் வருகிறார். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். நான் மறுபடி வண்ணம் கொடுக்கும் வேலையை வாங்கி வீட்டிலிருந்தே செய்கிறேன். படத்தைத் திருத்தவில்லை. அதன் பேரைப் போட்டுத் தேடினால் முதலில் வருவது அந்த விமர்சனம்தான்.