சாயக்குழாய் அருவி

அருவிக்குப் போகும் படிக்கட்டில் தூவியிருந்த பிளீச்சிங் பவுடரின் வாடை மூக்கில் ஏறியதும், திருப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா நடத்திய சாயப்பட்டறை நினைவுக்கு வந்துவிட்டது. பட்டறைச் சுவரிலிருந்து ஒரு குழாய் ஓடைக்குள் இறங்கும். திங்கட்கிழமை நீலம், செவ்வாய்க்கிழமை மெரூன் என்று ஆர்டருக்குத் தக்கபடி நிறம் மாறி, ஆவி பறக்க, நுரை தள்ளிக் கொட்டும் அதைத்தான் நானும் தங்கையும் அருவி என்று பெருமையடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டதும் போய் நின்று பார்ப்போம். "அதுல காலை வெச்சராதீங்க கண்ணு, புண்ணாயிரும்" என்று உள்ளேயிருந்து அப்பா கத்துவார். கீழ்க்காட்டு மாடுகள் அதையே குடித்தபோது அவர் வாயே திறந்ததில்லை. இப்போது பட்டறையும் இல்லை, ஓடையும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நிற்கிறது.

இன்று அதே அப்பா, இடுப்பில் துண்டோடு, மூலிகைத் தண்ணீர் என்று வாயெல்லாம் பல்லாக அருவியில் நனைந்துகொண்டிருந்தார். தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம், கம்பெனி டூரில் வந்திருந்த ஒரு பெண் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கப் போனாள். ஓர் ஓடையையே கொன்ற மனுஷனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனம்மிணி, கீழ இருக்கறவங்க குடிக்கற தண்ணியில்லீங்களா இது?"

அந்தப் பெண்தான் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தாள்.