பத்து டன் வேண்டாம் என்று சொன்ன வருஷம்

என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே வேர்க்காது. அந்த உடம்பு அப்படித்தான் என்று டாக்டர் சொன்னபோது, வேர்க்காவிட்டால் நல்லதுதானே என்று நினைத்த முட்டாள் நான். முதல் கோடையிலேயே புரிந்துவிட்டது. வேர்க்காத உடம்பு ஆறாது. வெயில் ஏற ஏற அவள் சூடும் ஏறும். முகம் சிவந்து, கண் சொருகும். ஈரத் துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

எங்கள் வீடு கொல்லிமலை அடிவாரத்தில், மலைக்கு ஏறும் பஸ் ரோட்டை ஒட்டியே இருக்கிறது. மேலே கம்பளி தேடுகிற நாளில் இங்கே தரையில் கால் வைக்க முடியாது. அதனால் மாசி பிறந்ததும் அவளை மேலே அனுப்பிவிடுவோம். மலைமேல் குண்டூர் நாடு என்கிற பக்கத்தில் பல வருஷமாக எங்களுக்கு மிளகு கொடுக்கிற ஒரு குடும்பம் உண்டு. அந்த வீட்டம்மாளை இவள் அத்தை என்பாள். மூன்று நான்கு மாதம் அங்கே இருந்துவிட்டு ஆனிக் காற்று அடித்த பிறகுதான் இறங்குவாள். அரையாண்டு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிக்கூடத்திலும் வருஷா வருஷம் தேற்றிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் அந்தக் கதை நடக்காது. அது அரசாங்கப் பரீட்சை. பங்குனி வெயிலில் நேரில் உட்கார்ந்து எழுத வேண்டும்.

வீட்டில் ஏ.சி. இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் கணவரின் அண்ணன், சேலத்தில் ஒரு நகைக்கடையை இடித்துக் கட்டியபோது அங்கிருந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஏழரை டன். வீடு முழுக்கத் தகரக் குழாய் வைத்து ஒரே இயந்திரத்திலிருந்து காற்று அனுப்புகிற ராட்சசன். அது ஓட த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும். எங்கள் பக்கம் த்ரீ பேஸ் முறை வைத்துத்தான் வரும். மற்ற நேரத்தில் விளக்கு எரியும், விசிறி சுற்றும், அவ்வளவுதான். காலையில் வீட்டை நடுங்க வைத்துவிட்டு, மத்தியானம் சரியாக வெயில் உச்சிக்கு வரும்போது எருமை மாதிரி படுத்துக்கொள்ளும். அதனால் ஏ.சி. இருந்தும் மகள் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம் அது ஒரேயடியாகப் படுத்தது. எல்லோரும் வருத்தப்பட்டார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அன்று மாலை மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நான் இந்த வருசம் மேல போக மாட்டேம்மா. பரீச்ச எழுதோணும்."

"எழுதலாம் கண்ணு" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

அடுத்த வாரம் சேலத்திலிருந்து ஏ.சி. விற்பவர் வந்தார். அளவு நாடாவை இழுத்து இழுத்து அளந்தார். "பத்து டன் போட்டுருங்க. ஊடே குகையாட்டம் ஜில்லுன்னு இருக்கும்" என்றார். கணவரின் அண்ணன் தொடையில் தட்டினார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கிணறு, ரோடு, கல்யாணம் எதுவானாலும் பெரிதாக இருக்க வேண்டும் அவருக்கு.

நான் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "ஏனுங்க, மத்தியானம் த்ரீ பேஸ் போனதுக்கப்புறம் இது ஓடுமுங்களா?"

"த்ரீ பேஸ் இல்லாம எப்படீங்க ஓடும்?"

சேலம் டவுனில் இருப்பவருக்கு அது தோன்றாதது குற்றமில்லை. எங்கள் வீட்டு ஆண்களை என்ன சொல்வது! எந்த வாரம் எத்தனை மணிக்குக் கரண்ட் வரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். தோட்டத்துக்கு ஒரு புத்தி, வீட்டுக்கு ஒரு புத்தி.

மாமாவிடம் பதில் தயாராக இருந்தது. "அம்மிணி, கரண்ட் இருக்கறப்ப மோட்டாரப் போட்டுத் தொட்டிய ரொப்பிக்கறோமில்ல? அதாட்டந்தான். பெரிய மிசினா இருந்தா காலையிலயே ஊடு நெறையக் குளுர ரொப்பி வெச்சுக்கலாம். பொழுதுக்கும் வரும்."

கணவர் தலையாட்டினார். ஏ.சி.காரரும் ஆட்டினார். முப்பது வருஷம் கிணற்று நீரைத் தொட்டியில் தேக்கிப் பாய்ச்சியவர் அப்படித்தான் யோசிப்பார். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் பகல் முழுவதும் இருந்தவள் நான். ராட்சசன் நின்ற ஒரு மணி நேரத்தில் குளிர் போன இடம் தெரியாது என்பது எனக்குத்தான் தெரியும்.

"ஓட்டத் தொட்டியில எத்தன ரொப்புனா என்னங்க மாமா?" என்றேன்.

"ஓட்ட எங்க இருக்குது?"

விரலை மேலே நீட்டினேன். எல்லோரும் தளத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

பிறகு ஏ.சி.காரரை நான் விடவில்லை. சிங்கிள் பேஸில் ஓடுகிறதாக, இதே குழாய்களில் காற்று அனுப்புகிறதாக ஒன்று உண்டா? உண்டு, ஆனால் மூன்று டன்தான், இந்த வீட்டுக்குப் பத்தவே பத்தாது என்றார். தளத்தில் வெயில் இறங்காமல் செய்தால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பப் பாக்கலாமுங்க" என்றார். எனக்கு அது போதும். பதினைந்து நாளில் வரச் சொல்லி அனுப்பினேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாளே வேலை ஆரம்பம். மாடியில் சரிபாதிக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தேன். அதற்கு மேல் மூங்கில் நட்டு, காற்று புகுந்து போக இடுப்பளவு இடைவெளி விட்டு, தென்னங்கீற்றால் பந்தல் போட்டேன். மறுபாதியை வேண்டுமென்றே அப்படியே விட்டேன். மலை பஸ் எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியே தலைகள் நீண்டன. "மாடி மேல பந்தலு, என்ன விசேசமுங்க?" என்று ஒருவர் கத்தியே கேட்டுவிட்டார். மாமா வாசலில் நின்று மேலே பார்த்தார்.

"இது ஊடா, வெத்தலக் கொடிக்காலா அம்மிணி?"

"பதனஞ்சு நாள் கழிச்சு நீங்களே சொல்லுங்க மாமா."

வாயில்தான் வீராப்பு. தோற்றால் கேலியோடு போகாது. பிள்ளையின் ஒரு வருஷம் போகும்.

மாசியில் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி. ஏ.சி.காரர், மாமா, கணவர் மூவரும் கூடத்தில் இருந்தார்கள். கூடத்துக்கு மேலே பந்தல் இல்லை. ஸ்டூலைப் போட்டுக் கணவரை ஏறச் சொன்னேன். உள்ளங்கையைத் தளத்தில் வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைத் தொட்டதுபோல் எடுத்துக்கொண்டார். ஸ்டூலை மகளின் அறைக்குக் கொண்டுபோனேன். அதற்கு மேல்தான் பந்தல். அங்கே ஏறிக் கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். யோசிக்காமல் ஒரு வார்த்தை பேசாதவர், இந்தத் தடவையும் நிதானமாகத்தான் பேசினார்.

"அண்ணா, நீங்களே ஏறிப் பாருங்க."

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். கூடத்தில் ஒரு நொடிகூடக் கை நிற்கவில்லை. மகளின் அறையில் வைத்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை. இறங்கி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதிக்கு எத்தன கீத்து வேணும் அம்மிணி?"

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. மாமாவுக்கு முன்னால் எப்படிக் குதிப்பது? சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

மூன்று டன் இயந்திரம் வந்தது. சாமான் அறைக்கும் சமையலறைக்கும் போகிற குழாய்களை அடைத்துவிட்டோம். வெல்லத்துக்கும் அரிசி மூட்டைக்கும் எதற்குக் குளிர்? வோல்டேஜ் இறங்கினால் தாங்குவதற்கு ஒரு பெரிய ஸ்டெபிலைசரும் வைத்தார்கள். புதியதைப் பார்த்து மாமா, "கோழிக்குஞ்சாட்டம் இருக்குது" என்றார். பழக்கம் விடவில்லை.

அன்று மத்தியானம் த்ரீ பேஸ் போகிற நேரத்துக்காகத் தவித்துக்கொண்டு காத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் அது போவதைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சுற்றிலும் தோட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக வாயை மூடும். ஊரே சட்டென்று அமைதியாகும். அன்றும் மூடின. அந்த அமைதியில் என் வீட்டுச் சுவரோரம் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "ஓடுதுங்க! ஓடுதுங்க!" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் எதைச் சொல்கிறேன் என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்கள்.

பங்குனியில் மகள் பரீட்சை எழுதினாள். வேப்பமரத்து ஓரமாக ஜன்னலடியில் இடமும், மேசையில் ஈரத் துண்டுக்கு அனுமதியும் தலைமையாசிரியை வாங்கிக் கொடுத்தார். அந்த மூன்று மணி நேரத்தை உடம்பு எப்படியோ தாங்கியது. பிறகு காரில் வீட்டுக்கு. சிவந்த முகத்தோடு வந்து தன் அறையில் விழுவாள். நாலு மணிக்கு எழுந்து, "பசிக்குதும்மா" என்பாள். மறுநாள் பரீட்சைக்குப் படிப்பாள். கடைசிப் பரீட்சை வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பரீட்சை முடிந்த மறுநாள் அவளே பையை எடுத்து வைத்தாள். எனக்குப் பக்கென்றது.

"அத்தையப் பாத்துட்டு வாரேம்மா. வரலீன்னா கோவிச்சுக்குவாங்க."

ஆனி வரைக்கும் இருக்கட்டும், சோர்ந்த பிள்ளை என்று கணவரும் நானும் பேசிக்கொண்டோம். எட்டு வருஷமாக அந்தப் பை ஆனிக்கு முன்னால் மலையிலிருந்து இறங்கியதில்லை.

நாலாம் நாள், சித்திரை வெயில் இன்னும் ஏறாத காலையில், முதல் பஸ் வீட்டு வாசலில் நின்றது. கையில் பலாப்பழச் சுளைப் பொட்டலம், தோளில் அந்தப் பை. என் மகள் இறங்கினாள்.

"ஏன் சாமி, அதுக்குள்ள?"

"மேல ஒரே குளுருமா" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனாள். "அதான் நம்மூட்டுக்கு வந்துட்டேன்."