டைம் எடுக்கிற வாட்ச்

என் சின்ன வயதுச் சோற்றுக்கு ஒரு வாசனை உண்டு. ஷூவுக்குத் தோல் ஒட்டுகிற பசையை ஆம்பூரில் "சொல்யூஷன்" என்போம். அது அம்மாவின் விரல் இடுக்குகளில் ஊறிப்போய், எவ்வளவு சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல், அவள் பிசைந்து ஊட்டுகிற ரசச்சோறு வரைக்கும் கூடவே வரும். மற்ற பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அது, அம்மா இன்னும் வேலைக்குப் போகிறாள், இன்றைக்கும் அடுப்பு எரியும் என்று சொல்கிற வாசனை. எழுபதுகளின் கடைசியில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது, எங்கள் வீடு அந்த வாசனையை மட்டுமே நம்பி இருந்தது.

ஏனென்றால் அப்பாவின் கை கெட்டுப்போயிருந்தது. தோல் பதனிடுகிற டேனரியில் குரோம் தண்ணீரில் தோலைப் புரட்டிப் புரட்டி விரல் கணுக்களில் குழி குழியாகப் புண் விழுந்து, ஒன்று ஆறினால் இன்னொன்று வாய் திறந்தது. வேலூரில் டாக்டரிடம் காட்டியபோது, இனித் தண்ணீரிலேயே கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். டேனரியில் தண்ணீர் படாத வேலை ஏது? கணக்கை முடித்து ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அப்பா போய் நிற்காத கம்பெனி ஆம்பூரிலும் இல்லை, வாணியம்பாடியிலும் இல்லை. கையைப் பார்த்ததும் எல்லாரும் "அப்புறம் வாங்க" என்றார்கள். சாயங்காலம் வந்து வாசற்படியில் இரண்டு கைகளையும் மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.

அம்மா மிஷினில் தைத்துக்கொண்டிருந்தது "அப்பர் கம்பெனி"யில். ஷூவின் மேல் பாகத்தை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்துக்கு அப்படிப் பெயர். அங்கே "டைம் எடுக்க" ஓர் ஆள் வேண்டும் என்று ஒரு நாள் பேச்சு வந்தது. ஒரு பீஸ் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் நின்று அளந்து, ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று "டார்கெட்" போடுகிற வேலை. கை நனையாத வேலை! கணக்குத் தெரிந்தால் போதும், ஆனால் ஸ்டாப் வாட்ச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

அடுத்த நாளே அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினார். பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எங்கும் ஸ்டாப் வாட்ச் இல்லை. கடைசியில் ஒரு பழைய வாட்ச் கடைக்காரர் இழுப்பறைக்குள் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது கைல கட்டுறது சார். சுவிஸ் மால். வெள்ளக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. இதுல டைமப் புடிச்சி நிறுத்தலாம்."

டைமைப் பிடித்து நிறுத்தலாம் என்றதும் அப்பா வாயைப் பிளந்துவிட்டார். பழுப்பேறிய முகப்பு, அதற்குள்ளே இரண்டு குட்டி வட்டங்கள், நடுவில் ஊசிபோல் ஒரு நீள முள், விளிம்பில் சாவிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு பொத்தான். மேல் பொத்தானை அழுத்தினால் நீள முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பொத்தானை அழுத்தினால் துள்ளிப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அப்பா அழுத்தி அழுத்திப் பார்த்தார். டேனரி கொடுத்த தொகை மொத்தமும் அந்தக் கடையோடு போயிற்று. பஸ் செலவுக்கு மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டில் அம்மா அதை வாங்கிப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள்.

"இன்னாங்க இது, முள்ளு நிக்குது?"

பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா எட்டிப் பார்த்தாள். அம்மாவோடு ஒரே வரிசையில் தைக்கிறவள், ஒரே டம்ளரில் டீ குடிக்கிற அளவுக்கு தோஸ்த். "கிரேஸு, உன் வூட்டுக்காரர் ஓடாத வாட்ச்சத் தேடிப் புடிச்சி வாங்கினு வந்துட்டாரு போ" என்று சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நீள முள் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும், நேரம் காட்டுகிற முட்கள் வேறு என்று அப்பா விளக்கி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனாலும் தெருவில் யார் கேட்டாலும், அது நிற்கிற வாட்ச் என்றே பெயராகிவிட்டது. அந்தப் பெயருக்கு அஞ்சியே அப்பா வெளியே போகும்போதெல்லாம் நீள முள்ளை ஓடவிட்டுக்கொண்டு போவார்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் டைம் எடுக்கப்பட்டது. நான் குடத்தில் தண்ணீர் பிடிப்பதற்கு, ஜடை பின்னுவதற்கு, வாய்ப்பாடு ஒப்பிப்பதற்கு. நான் ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை வேகமாகச் செய்து அப்பாவைச் சிரிக்க வைத்தேன். புண் வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

சிரிப்பு அந்த வாரத்தோடு சரி. மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கம்பெனியில் வேகமான கை யாருடையதோ அந்த மிஷினில் டைம் எடுக்க வேண்டும், இப்போதைய டார்கெட்டைவிட ஜாஸ்தி வந்தால்தான் வேலை. வேகமான கை அம்மாவுடையது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு உன் மிஷின்ல எடுக்கச் சொல்லுவாரு. கொஞ்சம் வேகமாத் தெச்சிடு கிரேஸு."

"நான் வேகமாத் தெச்சா அதுதான் எல்லாருக்கும் டார்கெட் ஆவும். தெரிஞ்சிதான் கேக்குறீங்களா?"

"தெரியும். இதுவும் போச்சின்னா நான் எங்க போவேன், நீயே சொல்லு."

அம்மா அப்பாவின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் ஜன்னலோரமாக நிற்க விட்டார். அம்மாவின் மிஷின் பக்கத்தில் அப்பா கையை மடக்கி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் மேனேஜர். அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. தோல் துண்டு அவள் கைக்குள் போனதும் தெரியவில்லை, திரும்பி வந்ததும் தெரியவில்லை. ஒன்றின் நூலை வெட்டிப் போடுவதற்குள் அடுத்தது ஊசிக்கடியில் இருந்தது. வரிசையில் மற்ற பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ரெஜினா அக்காவின் முகத்தைப் பார்த்ததும் ஜன்னலைவிட்டுத் தள்ளி நின்றுகொண்டேன்.

அப்பாவுக்கு வேலை கிடைத்தது. வரிசை முனையிலிருந்த கரும்பலகையில் புது டார்கெட் சாக்பீஸில் ஏறியது. அன்று முதல் அம்மாவின் கையளவுக்கு எல்லாரும் தைக்க வேண்டும்.

யாரால் முடியும்? குழாயடியில் அம்மாவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். சர்ச்சில் அம்மா உட்கார்ந்த பாயில் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ரெஜினா அக்காவுக்கு ஏற்கெனவே கண் மங்கல். ஒரு நாள் வேலியோரம் நின்று, "உன் கை எங்களுக்கு எங்க இருக்குது கிரேஸு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். சில மாதத்தில் அவளை நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தோடு பெங்களூருக்குப் போனாள். போகிற அன்று எங்கள் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு போனாள். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள்.

"நம்பரக் கம்மி பண்ணுங்க" என்று அவள் அப்பாவிடம் கெஞ்சாத நாள் இல்லை. "ஏத்தலாம், எறக்க முடியாதாம்" என்பார் அப்பா. அவர் கெட்டவரில்லை, இதை நான் யாரிடமும் சண்டை போட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகு எடுத்த டைம்களிலெல்லாம் பொத்தானை முன்கூட்டியே அழுத்தி, தாமதமாக நிறுத்தி, பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தார். மேனேஜர் கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் ஏசிய பிறகு அதுவும் நின்றது. வாட்ச்சை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் பள்ளிக்கூடச் சம்பளம் அதிலிருந்துதான் வந்தது.

நான் பிளஸ் டூ படிக்கும்போது அம்மாவின் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. கண்ணாடி போட்டும் ஊசித்துளை தெரியவில்லை. டார்கெட்டுக்குக் கீழே போகத் தொடங்கினாள். இதற்குள் பழைய மேனேஜர் போய்ப் புதியவர் வந்திருந்தார். அவர் அப்பாவை அழைத்து அம்மாவின் மிஷினில் டைம் எடுக்கச் சொன்னார். அதே மிஷின், அதே வாட்ச். அன்று நடந்ததை அப்பா சாவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை சொன்னார். முள் ஓடிக்கொண்டே இருந்ததாம், அம்மாவின் கை வந்து சேரவில்லையாம்.

"இத்தன வருஷமா இதே டார்கெட்தான். எல்லாரும் தைக்கிறாங்க. உங்களுக்கு மட்டும் இன்னாம்மா கஷ்டம்?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார்.

அந்த டார்கெட் யார் கையளவு என்று அவருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா நேரத்தைக் குறைத்து எழுதப் போயிருக்கிறார். அம்மா மெதுவாக, "பாத்தத எழுதுங்க. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்துட்டா பொண்ணு எப்படிப் படிக்கும்?" என்றாளாம். அப்பா பார்த்ததை எழுதினார். அந்த வாரத்தோடு அம்மாவை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஊரையே எழுப்பிய கம்பெனிச் சங்குச் சத்தமும் இல்லை, அப்பாவும் இல்லை. நான் வேலூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். பாதி நேரம் என்னையே யார் என்று கேட்கிறாள். போன மாதம் பழைய வாட்ச்சுகள் சேர்க்கிற ஒரு தம்பி சென்னையிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்தார். அப்பாவின் வாட்ச்சை எடுத்துக் கொடுத்தேன். "மேடம், இது விண்டேஜ் கிரோனோகிராஃப்! இந்த மாதிரி கிடைக்கவே கிடைக்காது" என்று பூரித்துப்போய் சாவி கொடுத்தார், மேல் பொத்தானை அழுத்தினார். 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டது.

பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அதுவரை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி உரித்துக்கொண்டிருந்தவளின் விரல்கள் வேகம் பிடித்தன. வீங்கிய கணுக்கள் வலிக்க வலிக்க, தலை நிமிராமல், கொட்டைகள் முறத்துக்கு வெளியே சிதற உரித்தாள். "நிறுத்துங்க தம்பி" என்று கத்திவிட்டேன். அவர் பதறிப்போய் மறுபடி அழுத்தினார். அம்மாவின் கை நின்றது.

"எவ்ளோ வந்துச்சி?" என்று கேட்டாள்.

விலையைக் கேட்கிறாள் என்று நினைத்து அந்தத் தம்பி தொகையைச் சொல்ல வாயெடுத்தார். காசு ஒன்றும் வேண்டாம், வாட்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று அவரை வாசலுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். அம்மா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா வந்திருக்குதும்மா. போதும்" என்றேன்.