வெற்றுத்தாளில் கையெழுத்து

திருச்சபை வரலாறு கற்பிப்பது என் வேலை. அதில் பழங்கால ஆயர்கள் ஒன்றுகூடிய பொதுச்சங்கங்கள் எனக்குப் பிடித்த பாடம். கும்மிடிப்பூண்டியில் ஞாயிறு மதியம் சபை ஹாலில் வகுப்பு. மாணவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள்.

அன்று எபேசில் கூடிய இரண்டாம் சங்கத்தை நடத்தினேன். சிப்பாய்களையும் தடியேந்திய துறவிகளையும் ஆலயத்துக்குள் விட்டு, சக ஆயர் ஒருவரைப் பதவி நீக்க, தங்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று ஆயர்களே பின்னால் சொன்னார்கள். "கோழைகள்" என்றேன். வகுப்பு சிரித்தது. பிரஸ் ஆபரேட்டர் டேனியல் மட்டும் சிரிக்கவில்லை.

எல்லாரும் போனபின் என்னிடம் வந்தார்.

"நானும் போட்டுக்கீறேன் மிஸ். பக்கத்து மெஷின்ல முருகனுக்கு வெரலு நசுங்கிச்சி. கை உள்ள இருந்தா மெஷின நிறுத்தற சென்சார் ரிப்பேரு. ஹெச்.ஆர். ரூம்ல ஒக்கார வெச்சி, வாசல்ல ரெண்டு செக்யூரிட்டி. வெறும் பேப்பர்ல கையெழுத்து வாங்கிக்கினாங்க. இப்ப அதுல, முருகன்தான் சென்சார கழட்னான்னு எழுதிக்கீது."

மறுநாள் திருவள்ளூரில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணை.

"அந்த பிஷப்புங்கோ அப்பறம் இன்னா பண்ணாங்கோ?"

அது அடுத்த வாரப் பாடம். சொன்னேன்: இரண்டு வருடம் கழித்து கால்சிதோன் சங்கத்தில் எழுந்து, தவறு செய்தோம், மன்னியுங்கள் என்றார்கள்.

விசாரணையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். "நாளைக்கு நீங்க வந்து வெளிய ஒக்காந்தா போதும் மிஸ்."

வருகிறேன் என்றேன். ராத்திரி தூக்கம் இல்லை. டேனியலின் கம்பெனி மேனேஜர்தான் எங்கள் சபைக் கமிட்டிச் செயலாளர். வருடாவருடம் என் வேலையை நீட்டிப்பது அவர்.

காலையில் என் வீடு இருக்கும் வேப்பம்பட்டில் திருவள்ளூர் ரயில் ஏறினேன். இன்ஸ்பெக்டர் ஆபீஸ் வாசலில் மேனேஜர் நின்றிருந்தார். உள்ளே படியில் டேனியல்.

"என்ன மிஸ், இந்தப் பக்கம்?" என்றார் மேனேஜர்.

"ரேஷன் கார்டு விஷயமா வந்தேன் சார்."

டேனியல் காதில் அது விழுந்தது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். நான் அடுத்த ரயிலில் வீடு திரும்பினேன். என்னை மிரட்ட ஒரு சிப்பாய்கூடத் தேவைப்படவில்லை.

டேனியல் தனியாகப் போய் உண்மையைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் புது வாக்குமூலம் எழுதிக்கொண்டார். முருகன் மேலிருந்த பழி போனது. டேனியலை மெஷினிலிருந்து, லாரியில் சரக்கு ஏற்றும் லோடிங்குக்கு மாற்றினார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்து, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன்.

"எனுக்கும் காலு ஆடிச்சி மிஸ். மேஜைய புட்சிக்கினுதான் பேசுனேன்" என்றார்.

அதன்பின் அந்த ஆயர்களை நான் கோழைகள் என்று சொன்னதில்லை. இந்தப் பாடம் எடுக்கப்போகும் இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: எபேசோடு மணி அடித்தாலும் வகுப்பை விட்டுவிடாதீர்கள். பத்து நிமிடம் கூடுதலாக எடுத்து, கால்சிதோனையும் சொல்லி முடியுங்கள். கேட்பவர்களில் யாருக்காவது அது மறுநாள் காலையிலேயே தேவைப்படலாம்.