முசியே சவரிக்கு வந்த மருமகன்

பிரெஞ்சில் வரும் கடிதங்களைத் தமிழில் படித்துச் சொல்வது என் தொழில். செய்தி எதுவானாலும், அதைக் கேட்டவர் முதலில் முறைப்பது என்னைத்தான். அடுத்தவர் கடிதத்தை உரக்கப் படிக்க நேர்ந்த யாருக்கும் என் கஷ்டம் புரியும்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால், என் அண்ணனின் பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் என் மேஜை இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். அந்த வீடுகளுக்கு வரும் தபால் எல்லாம் கடைசியில் இந்த மாடிக்குத்தான் வந்து சேரும்.

மீன் பையோடு ஒரு மாணவி

மதலேனம்மா வாரத்தில் இரண்டு நாள் மீன் வாங்கிக்கொண்டு நேராக என் மாடிக்கு வருவார். அவர் வீட்டுக்காரர் சவரி ஒரு பழைய சொல்தா. தெருவே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் ‘முசியே’, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடும். ஒரே மகன் அந்துவானும் இப்போது அதே பிரெஞ்சு ராணுவத்தில் சார்ஜென்ட். மகனோடு ஒரே வீட்டில் இருக்கும் மத்தியே என்ற சிநேகிதரோடு போனில் பேச நாலு பிரெஞ்சு வாக்கியம் வேண்டும், முசியேவுக்குத் தெரியக் கூடாது, இதுதான் மதலேனம்மாவின் நிபந்தனை. சாப்பிட்டாயா, குளிருக்கு ஸ்வெட்டர் போட்டாயா என்று ஆரம்பித்தோம்.

மூன்றாவது மாதம் ஒரு புது வாக்கியம் கேட்டார். ‘அவன் கோபத்தில் ஏதாவது சொன்னால் விட்டுக்கொடுங்கள்.’ தமிழில் இருப்பது போலவே பிரெஞ்சிலும் ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு. சிநேகிதர்தானே, இதுவரை போல ‘நீ’ என்றே சொல்லலாமே என்றேன். மதலேனம்மா மீன் பையைக் கீழே வைத்தார்.

“மருமகன யாராவது நீ, வான்னு பேசுவாங்களா? நீங்கன்னே எழுதிக்குடும்மா.”

கர்னலின் கடிதம்

அடுத்த மாதம் முசியே சவரியே மாடியேறி வந்தார். அவருடைய பிரெஞ்சு முகாமில் பேசிப் பழகிய பிரெஞ்சு. ஆபீஸ் கடிதம் என்றால் என்னிடம் வந்துவிடுவார். மகனின் படைப்பிரிவிலிருந்து கர்னல் எழுதியிருந்தார். வெள்ளத்தில் சிக்கிய இரண்டு பேரை அந்துவான் காப்பாற்றியதற்குப் பதக்கம் தருகிறார்களாம். பெற்றோர் விழாவுக்கு வரவேண்டுமாம். அதுவரைக்கும் முசியே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். கடைசி வரியில் என் நாக்கு நின்றது. முதல் வரிசையில், உங்கள் மருமகன் மத்தியேவுக்குப் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டிருக்கிறோம் என்று இருந்தது.

‘நண்பர்’ என்று மாற்றிப் படித்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மதலேனம்மா என்னை நம்பிச் சொன்னதும் வெளியே வராது. ஆனால் ஒன்றும் தெரியாமல் விழாவில் வந்து நிற்கும் அப்பாவை அந்துவான் என்ன முகத்தோடு பார்ப்பான்? உள்ளதை உள்ளபடி படித்தேன். முசியே இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி, அந்தச் சொல்லில் விரலை வைத்துத் தானே எழுத்துக் கூட்டினார். தனக்குப் பெண் பிள்ளையே கிடையாது என்பதை என்னிடம் சொல்லலாமா என்று யோசிப்பவர் போல இருந்தது முகம். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“கையெழுத்து போட்டிருக்கறது கர்னலாச்சே. கர்னல் எழுதினதுல தப்பு இருக்காதேம்மா.”

வாசல் காவல்

நாலு நாள் கழித்து வந்தார். மதலேனம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். நான் பயந்துகொண்டிருந்த திட்டு வரவில்லை. சுவரைப் பார்த்தபடி ஒரு சமையல்காரரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முசியே பட்டாளத்தில் சேர்ந்த புதிது. ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கிக் கிடந்தவருக்கு அந்த வெள்ளைக்காரச் சமையல்காரர் எங்கிருந்தோ மிளகாய் தேடிப் பிடித்துத் தனியாகக் குழம்பு வைத்துத் தருவாராம். அவருக்கு ஓர் ஆணோடு காதல் என்று ஒரு நாள் தெரிந்துபோனது. எல்லோரும் கேலி பேசினார்கள். ஒரு வாரத்துக்குள் பெட்டியைத் தூக்க வைத்துவிட்டார்கள். அன்று வாசல் காவல் முசியேவுக்கு. போகிறவர் கைகொடுக்க வந்தார். மற்றவர்கள் பார்க்கிறார்களே என்று முசியே நேராகப் பார்த்தபடி விறைப்பாகவே நின்றுவிட்டாராம்.

இதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு கர்னலுக்குப் பதில் எழுதச் சொன்னார். நலம் விசாரிப்பெல்லாம் என் பொறுப்பு, கடைசி வரி மட்டும் அவருடையது.

“என் மருமகன முதல் வரிசைல உக்கார வெச்சதுக்கு நன்றி, நாங்க ரெண்டு பேரும் வர்றோம்னு எழுதும்மா.”

பெஞ்சில் ஒரு போட்டோ

விழாவிலிருந்து திரும்பிய பிறகு முசியேவுக்கு என்னிடம் வேலையே இல்லை, ஆனாலும் வருவார். பெஞ்சில் காத்திருக்கும் எல்லோருக்கும் போட்டோ காட்டுவார். பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட மதலேனம்மா நடுவில். இரண்டு பக்கமும் யூனிஃபார்மில் இரண்டு பேர். ஒன்று பையன், ஒன்று மருமகன் என்று விளக்கம் வேறு. மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மா ஒருவர் இரண்டு நொடி யோசித்துவிட்டு, மாப்பிள்ளைதான் நல்ல உயரம் என்றார்.

ஒரு நாள் அந்தப் போட்டோ சேதராப்பட்டுப் பையன் ஒருவன் கைக்குப் போனது. நம் ராணுவத்தில் இருப்பவன், லீவில் வந்திருந்தான். தங்கையின் சர்டிபிகேட்டை மொழிபெயர்க்க வேண்டும். போட்டோவைச் சீக்கிரம் திருப்பித் தரவில்லை. முசியே கிளம்பிப் போன பிறகு என் மேஜைக்கு வந்தான்.

“எனக்கும் ஒருத்தன் இருக்கான், ஆனா இந்த மாதிரி ஒரு போட்டோவ நான் போன்ல கூட வெச்சுக்க முடியாதுக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க.”

சொன்னேன். முசியே அதற்குப் பிறகு இரண்டு நாள் போட்டோ காட்டவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பையனுக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வந்தார்.

நாற்காலிகள் நகர்ந்த சத்தம்

அந்துவானும் மத்தியேவும் ஊருக்கு வந்தபோது பழைய சொல்தாக்கள் கூடும் விருந்து ஒன்று இருந்தது. மகன் மட்டும் வரட்டும், மற்றவர் வேண்டாமே என்று இஞ்ஞாசி என்ற முன்னாள் கார்ப்பரல் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். முசியே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, பேச்சுக்கு உதவியாக என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

உள்ளே நுழைந்ததும் முசியே மெடல்கள் குலுங்க நிமிர்ந்து நின்று அறிமுகப்படுத்தினார். இது மகன், சார்ஜென்ட் அந்துவான். இது மருமகன், ராணுவ டாக்டர், கேப்டன் மத்தியே. கேப்டன் என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலில் எழுந்து நின்றது இஞ்ஞாசி. அவருடைய கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. மத்தியே பதில் சல்யூட் அடித்துவிட்டு, மாமியாரிடம் கற்ற தமிழில், உக்காருங்க மாமா, சாப்டீங்களா என்றார். கூடமே சிரித்தது. இஞ்ஞாசி தன் பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“ஆபீசர்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேனே, சவரி.”

மொழிபெயர்ப்பவளுக்கு வேலையே இல்லாமல் போகும் நாள்தான் இந்தத் தொழிலில் நல்ல நாள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு, பேச வேண்டிய வாயால் இரண்டாவது தட்டுச் சாப்பாட்டையும் முடித்தேன்.