மருமகள் சொன்ன ‘லவுட்’

மகன் ஜெர்மனியிலிருந்து மருமகளை முதன்முதலாக எங்கள் ஊருக்குக் கூட்டி வந்தபோது, பயப்பட எனக்கு நிறைய இருந்தது. காரம் ஒத்துக்கொள்ளுமா, தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, கொசு கடித்து உடம்பு தடித்துப் போகுமா. என் வாயைப் பற்றி மட்டும் பயப்படவில்லை.

மாரண்டஹள்ளிப் பக்கம் எங்களுக்குத் தக்காளித் தோட்டம். வாசலில் நின்றபடியே தோட்டத்துக் கோடியில் இருப்பவரோடு பேசிப் பழகிய தொண்டை எனக்கு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமும் அப்படித்தான் பேசுவேன்.

ஒருநாள் காலையில் சாப்பிடும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, மகனிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். அவன் வாய் நிறையப் பணியாரத்தோடு, “அம்மா, நீ ரொம்ப சத்தம் போடறியாம்” என்றான்.

அவள் தட்டில் பணியாரம் வைக்கப்போன கையை இழுத்துக்கொண்டேன். எங்கள் பேச்சில் ஒருத்தரைச் சத்தம் போடுவது என்றால் திட்டுவது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அதற்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. அந்தப் பெண்ணை எப்போது திட்டினேன்? ‘இன்னொன்னு போட்டுக்கோ, போட்டுக்கோ’ என்றேனே, அதுவா? இனி அவள் இங்கே வரமாட்டாள், அவள் வராவிட்டால் மகனும் வரமாட்டான் என்று மனம் எங்கெங்கோ போனது. அன்று முழுக்க முணுமுணுத்தே பேசினேன்.

சாயங்காலம் அவளே வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“ஏம்மா, காய்ச்சலா?” என்றான் மகன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் எப்படா அவள சத்தம் போட்டேன்?”

அவன் விழித்தான். அவளிடம் திருப்பிக் கேட்டான். அவள் பதறிப்போய், “லவுட்! லவுட்!” என்றாள்.

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். “நம்ம லவுட் ஸ்பீக்கர்ல வர்ற லவுட்டா? அப்ப சரியாத்தான சொல்லியிருக்கா பொண்ணு!”

அதேதானாம். திட்டுவதற்கு அவர்கள் மொழியில் வேறு சொல் இருக்கிறதாம். அவள் வளர்ந்த வீட்டில் எல்லாக் கதவும் சாத்தியே இருக்குமாம். இங்கே கண்ணை மூடிக்கொண்டாலும் அத்தை எங்கே இருக்கிறார் என்று தெரிகிறது, அது பிடித்திருக்கிறது என்றும் காலையிலேயே சொன்னாளாம்.

“அதையும் சேத்துச் சொல்றதுக்கு என்னடா?”

“வாயில பணியாரம் இருந்துச்சும்மா.”

இப்போதும் வீடியோ காலில், பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று குரலைத் தாழ்த்திவிடுகிறேன். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, கற்றுக்கொண்ட தமிழில் சொல்வாள்:

“அத்தை, சத்தம் போடுங்க.”

எந்த மருமகள் மாமியாரிடம் இப்படிக் கேட்பாள்? சாமியை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தோட்டத்துக் கோடிக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறேன்.