அரை மணி நேரம் முன்னால் போன பள்ளிக்கூடம்

பாடம் நடத்துவது, பரீட்சை வைப்பது, மார்க் போடுவது எல்லாம் வாத்தியார் வேலையில் சுலபமான பகுதி. பள்ளிக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு விடும் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டு உயிரோடு வீடு திரும்புவதுதான் தலைமையாசிரியர் வேலை.

உங்களில் யாராவது கிராமத்துப் பள்ளியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெந்து போயிருந்தால், இதைப் படித்துவிட்டு எனக்காக ஒரு பெருமூச்சு விடுங்கள். எண்பதுகளின் நடுவில் நான் தா.பழூர் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் இன்னும் என் வீட்டு விசேஷங்களுக்கு வருகிறார்கள். பள்ளியில் பியூன் கிடையாது. வேப்பமரக் கிளையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடிப்பதும் என் பொறுப்புதான்.

ஓர் ஐப்பசி மாதம் ஆபீசிலிருந்து சுற்றறிக்கை வந்தது. மழைக்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடுவதால், ஒன்பதரைக்குத் தொடங்கி நாலரைக்கு விடும் பள்ளி இனி ஒன்பதுக்குத் தொடங்கி நாலுக்கு விட வேண்டும் என்றது. படித்தபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

முதல் மணி

பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். "நாளைலேருந்து ஒன்பது மணி, வீட்டுல சொல்லுங்க" என்று எட்டு வகுப்பில் ஐந்தில் சொன்னேன். மூன்று வகுப்பு விட்டுப்போனது எனக்கே பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் எட்டே முக்காலுக்கு முதல் மணி அடித்தேன். ஒன்பதுக்கு இரண்டாம் மணியும் அடித்தேன். பிரார்த்தனைக்கு வந்து நின்றவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் வாத்தியார்கள்.

ஊரில் கடிகாரம் உள்ள வீடுகளை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். முதல் மணி கேட்டால் சட்டை போடுவது, இரண்டாம் மணி கேட்டால் ஓடுவது என்பதுதான் அங்கே பழக்கம். அன்றைக்கு மணி கேட்டும் யாரும் அசையவில்லை. அடுப்பில் உலையே கொதிக்காதபோது பள்ளிக்கூட மணி எப்படி அடிக்கும்? தப்பு மணியின் மேல்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. விசாரிக்க ஒரு தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே சார் இருந்தீங்க? ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

ஆட்டுக்கு ஆர்டர் கிடையாது

ஒரு வாரத்தில் ஊர் ஒருவாறு வழிக்கு வந்தது, சாமிக்கண்ணு மட்டும் வரவில்லை. அவர் மகள் ஏழாவது படிக்கிறாள், நன்றாகப் படிக்கிற பெண். தினமும் ஒன்பதரைக்குச் சரியாக, கையில் தழை நாற்றத்தோடு வந்து நின்றாள். ஊர் ஆடுகளையெல்லாம் ஒருத்தர்தான் மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவார். அவர் ஒன்பது மணி வாக்கில் ஊர்க்கோடிக்கு வருவார். வீட்டு ஆடுகளை அங்கே கொண்டுபோய் அவரிடம் சேர்த்துவிட்டுத்தான் இவள் பள்ளிக்கு வர வேண்டும்.

சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டுவிட்டேன். ஆட்டுக்காரரை அரை மணி நேரம் முன்னால் வரச் சொல்லலாமே என்று, ஏதோ பெரிய யோசனை மாதிரி சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். புல்லில் ஈரம் காய்வதற்குள் மேய விட்டால் ஆட்டுக்கு வயிறு கழியும், வெயில் ஏறினால்தான் ஓட்டுவார்கள் என்று விளக்கினார். அது எட்டாவது விஞ்ஞானப் புத்தகத்தில் இல்லை. நான் விடாமல், இது சர்க்கார் உத்தரவு, நான் ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உத்தரவ எனக்குச் சொல்லிட்டீங்க, கேட்டுக்கிட்டேன். சூரியனுக்கு யாரு சார் சொல்றது?"

அன்று முதல் அந்தப் பெண் ஒன்பதரைக்கு வந்தாலும் வருகைப் பதிவேட்டில் ஒன்பதுக்கே வந்தாள். ஆபீஸ்காரர்கள் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

லேட்டாக வருகிறவர்

இதில் பெரிய கேலிக்கூத்து நான்தான். நான் குடியிருந்தது ஜெயங்கொண்டத்தில். காலையில் அந்த ஊர் வழியாகப் போகும் பஸ் ஒன்றே ஒன்று, அது ஒன்பதே காலுக்கு வந்து சேரும். பழைய நேரத்தில் கால் மணி முன்னதாக வந்து, "தலைமையாசிரியர்னா இப்படி இருக்கணும்" என்று பெயர் வாங்கியிருந்தேன். புது நேரத்தில் பஸ்ஸுக்கு முன்னால் வர சைக்கிளை எடுத்தேன். முதல் வாரம் ஓட்டினேன். இரண்டாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. சகதியில் சைக்கிளும் நானும் மாறி மாறி ஒருவரை ஒருவர் சுமந்தோம்.

மூன்றாவது வாரம் மறுபடி பஸ். மணி அடிக்கும் கம்பியை உதவி ஆசிரியரிடம் கொடுத்திருந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை. கடைக்காரர் மகன் ஆறாம் வகுப்பு. அவனை இரண்டு நாள் முன்புதான் தாமதமாக வந்ததற்கு வராந்தாவில் முட்டி போட வைத்திருந்தேன். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது கடை ரேடியோவில் ஒன்பதே காலுக்குப் பாட்டு முடிந்து ஏதோ அறிவிப்பு போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே, பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்:

"வாங்க சார். ஒங்களுக்கு முட்டி போட எடம் வராந்தாலயா, ஆபீஸ் ரூமுலயா?"

மறுநாளிலிருந்து முட்டி போடும் தண்டனையையே எடுத்துவிட்டேன். மனிதாபிமானம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள்.

வயலுக்கும் அதே மணி

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பு. இனி சொல்வதும் சிரிப்புதான், ஆனால் அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ராஜமாணிக்கம் ஊரிலேயே நிறைய நிலம் உள்ளவர். அவர் பையன் ஐந்தாவது படித்தான். அவர் வயலில் களை எடுக்கிற பெண்களில் பாதிப் பேரின் பிள்ளைகளும் எங்கள் பள்ளியில்தான். அந்தப் பெண்கள் காலையில் வயலில் இறங்குவது வெயில் கணக்கு. கரையேறுவது மட்டும் சாயங்காலப் பள்ளிக்கூட மணிக் கணக்கு. அவர் கையில் வாட்ச் உண்டு. ஆனால் சாயங்காலத்தில் அது மெதுவாக ஓடும் என்பது பெண்களின் அனுபவம். பெண்கள் சொல்லும் நேரமோ அவருக்கு வேகமாக ஓடியது. அதனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, எவரும் கை வைக்க முடியாத ஒரு மணி என்று என் தண்டவாளத் துண்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருஷமாக அந்த மணியை அடித்தவன் நான். எனக்கு இது தெரியவே தெரியாது.

புது நேரம் வந்ததும் பெண்கள் நாலு மணிக்கே கரையேறினார்கள். ராஜமாணிக்கம் குடையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பிள்ளைகளை நாலுக்கு வாயால் சொல்லி அனுப்பிவிடுங்கள், மணியை மட்டும் நாலரைக்கு அடியுங்கள் என்றார். அது முறையில்லையே என்று இழுத்தேன். அவர் கோபப்படவே இல்லை. எழுந்து குடையை விரித்துக்கொண்டு அன்பாகச் சொன்னார்:

"வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல எடம் காலியா இருக்காம் சார். ஒங்க நெனப்பு வந்துச்சு."

யாருக்கு அடிக்கிறீங்க?

ஜெயங்கொண்டத்திலிருந்து வேப்பந்தட்டைக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று அன்று முழுக்கக் கணக்குப் போட்டேன். மறுநாள் நாலு மணிக்குச் சத்தமில்லாமல் பிள்ளைகளை அனுப்பினேன். நாலரைக்குக் காலிப் பள்ளிக்கூடத்தில் தனியாக நின்று மணி அடித்தேன். வெட்கமாக இருந்தது. அடித்த அடியில் வேப்பமரத்துக் காக்கைகள் கூடத் திரும்பிப் பார்த்தன.

நான்காவது நாள் காலையில் அஞ்சலை வந்தார். ராஜமாணிக்கம் வயலில் களை எடுப்பவர், மகன் முருகேசன் ஒன்றாம் வகுப்பு. வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"முந்தாநாளு சார், வாய்க்கா நெறய தண்ணி போவுது. எம்புள்ள அதுல எறங்கி கெண்டக் குஞ்சு புடிச்சிக்கிட்டு நிக்கிறான். இடுப்பு மட்டும் தண்ணி. வரப்புல வந்த ஒருத்தரு பாத்துத் தூக்கி வுட்டாரு. ஏன்டா பள்ளிக்கூடத்துலேருந்து ஓடியாந்தேன்னு நாலு சாத்து சாத்துனேன். சார்தான் வுட்டாருன்னு அழுவுறான். நெசமா சார்?"

நெசம்தான் என்றேன். நாலு மணிக்கே விட்டுவிடுகிறோம் என்றேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தெரியாம அடிச்சுப்புட்டேனே புள்ளைய. அந்த அரை மணி நேரம் நான் வயல்ல, அவன் வாய்க்கால்ல. புள்ளைங்கதான் போயிடுச்சே, அப்புறம் அந்த மணிய யாருக்கு சார் அடிக்கிறீங்க?"

எழுதிக் கொடுங்க

அன்று நாலு மணிக்கு நானே போய் மணி அடித்தேன். கை வலிக்கும் வரை அடித்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், அடித்துவிட்டு ஆபீஸ் ரூமில் போய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ராஜமாணிக்கம் அரை மணியில் வந்துவிட்டார். அதற்குள் எனக்கு ஒரு ஆயுதம் கிடைத்திருந்தது. இருபது வருஷம் ஆபீஸ்காரர்கள் என்னை அடித்த அதே ஆயுதம். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் முன்னால் நகர்த்தினேன். "தாராளமா நாலரைக்கே அடிக்கிறேங்க. சுற்றறிக்கைய மீறி நாலரைக்கு மணி அடிக்கச் சொல்லி, கழகத் தலைவர்னு போட்டு ஒரு கையெழுத்து. நாளைக்கே அப்படியே ஆபீசுக்கு அனுப்பிடுறேன்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ன சார், வாயில சொல்லிக்கிற விஷயத்துக்கெல்லாம் பேப்பரு கேட்டா மனுசன் எப்படிப் பொழைக்கிறது?"

மறு உத்தரவு

மழைக்காலத்துக்காக வந்த உத்தரவு, கார்த்திகையில் மழை விடாமல் பெய்துகொண்டிருக்கும்போதே ரத்தாகி வந்தது. பழையபடி ஒன்பதரை முதல் நாலரை. எதற்கு மாற்றினார்கள், எதற்குத் திருப்பினார்கள் என்று கேட்கிற வயதை நான் தாண்டியிருந்தேன். பட்ட பாடு போதும் என்று, இந்தத் தடவை பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பாமல் பெற்றோர் கூட்டமே போட்டுவிட்டேன்.

உத்தரவை வாசித்ததும் சாமிக்கண்ணு கை தட்டினார். டீக்கடைக்காரர், "சார் இனிமே நேரத்துக்கு வந்துருவாரு" என்று உத்தரவாதம் கொடுத்தார். முன்வரிசையில் ராஜமாணிக்கம் வாட்சைக் கழற்றி நிதானமாகச் சாவி கொடுத்தார். இனி நாலரை மணிதான் முறை, சுற்றறிக்கையும் அவர் பக்கம். மழை வேறு கொட்டுகிறது, வாய்க்காலில் தண்ணீர் குறையவில்லை. பிள்ளைகளும் நாலரைக்குத்தானே விடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரே மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினால், தூரத்து வயலிலிருந்து அம்மா கரையேறி வருவதற்குள் முருகேசன் வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான்.

பின்னால் நின்ற பெண்களிலிருந்து அஞ்சலை ஓரடி முன்னால் வந்தார். அந்தக் கூட்டங்களில் பெண்கள் பேசி நான் கேட்டதில்லை.

"சார், நாலரைக்கு வுடறதுக்கு முன்னாடி, புள்ளைங்களுக்கு வெளையாட்டு பீரியடு உண்டுல்ல?"

"உண்டும்மா. நாலு மணிக்கு."

"அதுக்கு மணி அடிப்பீங்கல்ல?"

"ஒரே ஒரு அடி அடிப்போம்."

ராஜமாணிக்கம் சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அப்போதுதான் புரிந்தது. எனக்குப் புரிய இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்தது. "வயல்லேருந்து கரையேறுறது பள்ளிக்கூட மணிக்குன்னுதானே ஐயாவே பேசினது, எந்த மணின்னு சொல்லலியே" என்று பின்னாலிருந்து வேறொரு பெண் குரல் சொன்னது. அஞ்சலை ராஜமாணிக்கத்தைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஒரு அடி பத்தாது சார். நல்லா நீட்டி அடிங்க, வயலு தூரம்."

நான் அந்தப் பள்ளியை விட்டு வரும்வரை, விளையாட்டு பீரியடுக்கு அவ்வளவு நீளமாக மணி அடித்த பள்ளிக்கூடம் திருச்சி ஜில்லாவிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.